கேக் அறுக்கும் கம்பி: இரண்டு வருடம் கையாண்ட அனுபவம்

பாளையங்கோட்டையில் பேக்கிங் சாமான் விற்கும் ஒரு கடையில் 180 ரூபாய்க்கு வாங்கிய கேக் லெவலர் இது. வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்து வாரத்துக்கு நான்கைந்து கேக் செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் இப்போது எல்லோரும் கேட்கிற உயரமான கேக்தான், ஆறு அங்குலத்துக்குக் குறையாமல். அதற்கு நாலு லேயர் வேண்டும், நாலும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். இந்தக் கம்பி அதைச் செய்து தருகிறதா என்றால், தருகிறது. ஆனால் அதன் குணம் பிடிபட எனக்கு மூன்று மாதம் ஆனது.

பார்ப்பதற்கு ஒரு சின்ன வில். வளைந்த சட்டம், இரண்டு கால்கள், கால்களில் கால் அங்குலத்துக்கு ஒன்றாகப் பள்ளங்கள், நடுவே இழுத்துக் கட்டிய மெல்லிய எஃகுக் கம்பி. வீட்டில் அவித்த முட்டையை நூலால் இரண்டாக அறுப்பார்களே, அதே வேலைதான். கம்பியை வேண்டிய உயரத்துப் பள்ளத்தில் மாட்டி, இரண்டு காலையும் மேடையில் ஊன்றி, கேக்குக்குள் ரம்பம் இழுப்பதுபோல் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே நகர்த்த வேண்டும்.

இதற்கு முன் பிரெட் கத்திதான். அக்கா மகனின் முதல் பிறந்தநாளுக்கு அந்தக் கத்தியால் அறுத்து அடுக்கிய கேக்கில் ஒவ்வொரு லேயரும் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. நாலு லேயரின் சாய்வும் ஒரே திசையில் சேர்ந்துவிட்டது. ஆட்டோவில் போய் இறங்கும்போது கேக் ஒரு விரல்கடை சரிந்திருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, நல்ல பக்கத்தைக் கேமராவுக்குத் திருப்பி வைத்தாள். அதை என்னால் மறக்க முடியவில்லை. அப்புறம் கொஞ்ச நாள் பல்குச்சி குத்தி அளவு வைத்து, தையல் நூலைச் சுற்றிக் குறுக்கே இழுத்து அறுத்தேன். மெத்தென்ற ஸ்பாஞ்சுக்கு நூல் நன்றாகவே வேலை செய்யும். வெண்ணெய் கேக்கின் ஓரம் கெட்டியாக இருந்தால் அறுந்துவிடும்.

கம்பி வந்த பிறகும் முதல் கேக் பிய்ந்தது, ஏனென்றால் கேக் வெதுவெதுப்பாக இருந்தது. சூடு ஆறாத கேக்கின் உட்பகுதி ஈரப்பசையோடு இருக்கும். கம்பி அதை அறுக்காமல் இழுத்துக்கொண்டு போகும். இப்போது முதல் நாள் இரவே சுட்டு, முழுதாக ஆறவிட்டு, க்ளிங் ஃபிலிமில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். காலையில் எடுத்தால் வெண்ணெய் இறுகி, கேக் பனீர் கட்டிபோல் நிற்கிறது. கம்பி உள்ளே போகிற சத்தம்கூட மாறிவிடும், மெல்லிய 'சர்ர்' என்று ஒரே சீராக. தூளும் பாதிக்குப் பாதி குறைவு. லேயரின் மேல் உதிர்கிற தூள்தான் கிரீமில் கலந்து வெள்ளைக் கேக்கைப் புள்ளி புள்ளியாக்குகிறது, அதனால் இது பெரிய விஷயம்.

இரண்டாவது, கேக்கின் அடியில் இருக்கும் போர்டு. ஏழு அங்குலக் கேக்கைப் பத்து அங்குலப் போர்டில் வைத்து அறுக்கப் போனேன். கால்கள் போர்டின் விளிம்பிலேயே நின்றன, பாதியில் ஒரு கால் நழுவிக் கீழே இறங்கியது, கம்பியும் கூடவே இறங்கியது. இப்போது கேக்கை நேராகக் கிரானைட் மேடையில் பட்டர் பேப்பர் மேல் வைத்துத்தான் அறுக்கிறேன். இரண்டு பக்கப் பள்ளத்தையும் கீழிருந்து எண்ணிப் பார்த்தும் மாட்டுங்கள். ஒரு பள்ளம் தவறினால் லேயர் சாய்ந்துவிடும், கண்ணுக்கு உடனே தெரியாது.

மூன்றாவது, ஓரம். கேக்கின் பக்கவாட்டுத் தோல் உள்ளே இருப்பதைவிடக் கெட்டி. கம்பியை அங்கே வைத்து அழுத்தினால் கேக் முழுவதும் பின்னால் நகரும். கம்பி நுழைகிற இடத்திலும் வெளியேறுகிற இடத்திலும் சின்னப் பல் கத்தியால் அரை அங்குலம் கீறிவிட்டால் போதும்.

என் அளவு இது: ஏழு அங்குல டின்னில் இரண்டு கேக். முதலில் கம்பியை இரண்டு அங்குலத்தில் மாட்டி மேலே உப்பிய குமிழை எடுத்துவிடுவேன். அப்புறம் ஒரு அங்குலத்துக்கு இறக்கி நடுவில் ஒரு அறுப்பு. நாலு லேயர், மூன்று அடுக்கு கிரீம், அதோடு மேல்பூச்சு, ஆறு அங்குலம் வந்துவிடும். நடுவில் அறுப்பதற்கு முன் கேக்கின் பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் லேசாக ஒரு கோடு இழுத்து வைப்பேன். அடுக்கும்போது கோட்டோடு கோடு சேர்த்தால் எந்தக் குறையும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். கடைசி லேயராக இரண்டாவது கேக்கின் அடிப்பாகத்தைக் கவிழ்த்து வைக்கிறேன். டின்னில் படிந்த பக்கம் சமமாக, தூள் இல்லாமல் இருக்கும்.

குமிழே வராமல் இருந்தால் இன்னும் நல்லது. அலுமினிய டின்னின் ஓரம் சீக்கிரம் சூடாகி அங்கே கேக் முதலில் இறுகிவிடுகிறது. நடுப்பகுதி மட்டும் தொடர்ந்து எழும்புவதால்தான் மேடு விழுகிறது. பழைய வேட்டியை நாலாக மடித்த பட்டையாக்கி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, டின்னைச் சுற்றி ஊக்கு குத்தி 160 டிகிரியில் சுட்டுப் பாருங்கள். ஓரம் மெதுவாக வேகும், மேல்பகுதி ஏறக்குறையத் தட்டையாக வரும். எனக்குப் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. முன்பு ஒவ்வொரு கேக்கிலும் கைப்பிடி அளவு வெட்டி எடுத்தேன், இப்போது ஒரு விரல் கனம் போகிறது.

இந்தக் கம்பியால் ஆகாததையும் சொல்ல வேண்டும். டிசம்பரில் இங்கே பிளம் கேக் ஆர்டர்தான் அதிகம். முந்திரியும் செர்ரியும் கம்பியில் மாட்டி லேயரைக் குடைந்துவிடும், அதற்குப் பிரெட் கத்திதான் சரி. அறுத்த லேயரைத் தூக்கவும் இது உதவாது. மெல்லிய கேக் போர்டை அடியில் செருகித்தான் எடுக்க வேண்டும், கையால் தூக்கினால் நடுவில் விரியும். எட்டு அங்குலத்துக்கு மேல் போகிற கேக்குக்கு இந்தச் சிறிய அளவு பற்றாது, பெரியதாக வாங்க வேண்டும்.

உண்மையான குறை எட்டாவது மாதம் வந்தது: கம்பி தொய்ந்துவிட்டது. தொய்ந்த கம்பி கேக்கின் நடுவில் வளைந்து, லேயரின் நடுப்பகுதியை மேடாக்கிவிடும். அதனால் வாங்கும்போதே கடையில் விரலால் மீட்டிப் பாருங்கள். 'டிங்' என்று ஒலிக்க வேண்டும், தளர்ந்து 'டொப்' என்றால் வேறொன்று கேளுங்கள். மாற்றுக் கம்பி கடையில் கிடைக்கவில்லை. தம்பி சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறான். மிக மெல்லிய முதல் தந்தி ஒன்றைக் கொடுத்து, இடுக்கியால் முறுக்கி மாட்டித் தந்தான். பழைய கம்பியைவிட இறுக்கமாக நிற்கிறது, வெட்டும் சுத்தம். ஒரே தொல்லை, ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். கழுவியதும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி ஆணியில் மாட்டிவிடுகிறேன். மறுபடி அறுப்பதற்கு முன் டிஷ்யூ பேப்பரால் ஒரு இழுப்பு இழுத்தால் எண்ணெய் போய்விடும்.