ஒல்டர்நேட்டர் புதிது, பெல்ட் பழையதா?

பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்டர்நேட்டரை மாற்ற, அதைச் சுழற்றும் பெல்ட்டை எப்படியும் கழற்றத்தான் வேண்டும். திரும்ப மாட்டும்போதுதான் கேள்வி வரும்: பழையதையே போடுவதா, புதிது வாங்குவதா, கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த பெல்ட் ஒன்றை எடுப்பதா?

மூன்றாவதை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். பாவித்த ஒல்டர்நேட்டர் வாங்குவதில் நியாயம் உண்டு, ஓடவிட்டு சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பாவித்த ரப்பர் எவ்வளவு தூரம் ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

பழையதையே போட்டால் காசு மிச்சம், நீளம் சரியா என்ற குழப்பமும் இல்லை. போன வருடம் மாற்றிய பெல்ட் என்றால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் "வெடிப்பு ஒண்டும் இல்ல, நல்லா இருக்கு" என்று கராஜ் பாஸ் (மெக்கானிக்) சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வெடிப்புப் பார்ப்பது பழைய நியோபிரீன் ரப்பர் பெல்ட்டுக்குச் சரி. இப்போது வருபவை பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற வேறு வகை ரப்பர். அவை வெடிக்காமலே டயர் மாதிரித் தேயும். தேயத் தேய, பெல்ட்டின் உள்பக்கம் நீளவாக்கில் ஓடும் வரிகளுக்கு இடையிலான பள்ளம் அகலும், பிடி குறையும், மழைத் தண்ணீர் பட்டதும் வழுக்கும். அப்புறம், பெல்ட்டில் ஒயில் ஊறியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், கசிவை அடைத்துவிட்டுப் புதிது போடுங்கள்.

புதிது என்றால் கார்க் கம்பனியின் பெயரில் வரும் ஜெனுவின்தான் வேண்டும் என்றில்லை. பாண்டோ, மிட்சுபோஷி இரண்டும் கோபே நகரத்துக் கம்பனிகள், நம்பி வாங்கலாம். போலி அல்லாததை எடுப்பதுதான் பாடு. பெல்ட்டின் முதுகில் 6பிகே1230 என்று இருந்தால் 6 வரி, 1230 மில்லிமீற்றர் நீளம். இந்த இலக்கத்தை அப்படியே சொல்லி வாங்குமுன், மாற்றிய ஒல்டர்நேட்டரின் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) பழையதன் அளவுதானா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்டம் மாறினால் அந்த நீளம் பொருந்தாமல் போகலாம்.

என் காருக்குப் புதிது போட்டும் வெள்ளவத்தைச் சிக்னலில் ஏசியோடு நிற்கும்போது குருவி மாதிரிக் கீச்சிட்டது. இரண்டாம் நாள் பொனற்றைத் திறந்தால் பெல்ட் ஓரம் நார்நாராகப் பிரிந்து நிற்கிறது. அடிப் புல்லியில் ஒரு வரி தள்ளி மாட்டியிருந்தார்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுமுன் ஒவ்வொரு புல்லியின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

புதியதிலும் சத்தம் வந்தால், கையைத் தூர வைத்து, ஓடும் பெல்ட்டின் வரிப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் அடங்கித் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. கூடினால் இறுக்கம் போதவில்லை, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பாருங்கள். பெல்ட் ஸ்ப்ரே அடிப்பது சத்தத்தைக் கொஞ்ச நாள் மூடிவைக்கும், அவ்வளவுதான்.

ஆக, என் காசு புதியதற்குத்தான். கழற்றிய பழையது ஒயில் படாததாக இருந்தால் அவசரத்துக்கு டிக்கியில் கிடக்கட்டும். பெல்ட் ஓடும் வழியைப் போனில் படம் எடுத்தும் வைத்திருக்கிறேன்.