பணியிலுள்ள ஆசிரியருக்குப் பாடவழி முதுநிலையா, ஆய்வுவழி முதுநிலையா?

பல ஆண்டுகள் கற்பித்துவிட்டு மீண்டும் மாணவராக விரும்பும் ஆசிரியர், பள்ளித் தலைமைப் பொறுப்பிலுள்ளவர், கலைத்திட்ட வடிவமைப்பில் பணியாற்றுபவர் ஆகியோர் முன் கல்வியியலில் இரண்டு வழிகள் உள்ளன. பாடவழி முதுநிலையில் பருவந்தோறும் சில பாடங்களைப் படித்து, ஒப்படைப்புகளை எழுதி, பெரும்பாலும் ஒரு சிறு செயல்திட்டத்துடன் முடிக்கலாம். ஆய்வுவழியில் ஒரே கேள்வியை ஒரு நெறியாளரின் துணையுடன் தொடர்ந்து சென்று, ஆய்வேடாக எழுத வேண்டும். பட்டங்களின் நிலைகளை வரையறுக்கும் ஆஸ்திரேலியத் தகுதிச் சட்டகத்தின்படி, ஆய்வுவழி முதுநிலையில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு ஆய்வுக்கும் ஆய்வுப் பயிற்சிக்கும் தனிப் படிப்புக்கும் உரியது.

பணியில் இருந்துகொண்டே படிப்பவருக்கு முதல் தடை நேரமே. இங்கிலாந்தில் முதுநிலைப் பட்டம் 180 கிரெடிட் கொண்டது. ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரக் கற்றல் என்று கணக்கிடுவதால் மொத்தம் 1,800 மணி நேரம் ஆகிறது. மூன்று ஆண்டுகளில் பகுதிநேரமாக முடிப்பதென்றால், விடுமுறை வாரங்களையும் சேர்த்துக்கொண்டால்கூட வாரத்துக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் தேவைப்படும். பாடவழியில் இந்தச் சுமைக்கு ஒப்படைப்புத் தேதிகள் வரம்பு கட்டிவிடுகின்றன. ஆய்வுவழியிலோ தேதியை நாமே குறித்துக்கொள்ள வேண்டியிருப்பதால், விடைத்தாள் திருத்தும் மாதங்களில் ஆய்வேடுதான் முதலில் ஒதுக்கப்படும்.

பாடவழியின் பெரிய வசதி, அது படிப்படியாக அமைந்திருப்பதுதான். இங்கிலாந்தில் 60 கிரெடிட் முடித்தவர் முதுநிலைச் சான்றிதழுடனும், 120 முடித்தவர் முதுநிலைப் பட்டயத்துடனும் விலகிக்கொள்ள பல படிப்புகள் இடம் தருகின்றன. பாதி எழுதிய ஆய்வேட்டுக்கு அப்படியொரு மதிப்பு எளிதில் கிடைப்பதில்லை. குடும்பப் பொறுப்போ பணிமாற்றமோ எப்போது குறுக்கிடும் என்று சொல்ல முடியாத நடுவயதில், இந்த ஒரு காரணத்துக்காகவே பாடவழியைத் தேர்ந்தெடுப்பது நியாயம் என்பேன்.

ஆயினும் பாடவழியில் எல்லாமே ஒரே தரத்தில் இருப்பதில்லை. அனுபவம் மிக்கவருக்குக் கற்றல் கோட்பாடுகள் குறித்த அறிமுகப் பாடங்கள் பழங்கதையாகத் தோன்றலாம். எட்டுப் பாடங்களுக்கு எட்டுத் தலைப்புகளில் எழுதி, ஒன்றிலும் ஆழம் காணாமல் வெளியேறும் ஆபத்தும் உண்டு. முதுநிலைப் பட்டம் பெற்ற ஆசிரியரின் மாணவர்கள் அதனாலேயே கூடுதலாகக் கற்கிறார்களா என்று அமெரிக்காவில் நடந்த பல ஆய்வுகள் பொதுவாகப் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. கணிதம் கற்பிப்பவர் கணிதத்திலேயே முதுநிலை பெற்றிருக்கும் நேர்வில்தான் சில ஆய்வுகள் பயனைக் கண்டன. ஆகவே பாடவழியை எடுப்பவர், எல்லாவற்றிலும் கொஞ்சம் கற்பிக்கும் பொதுப் பிரிவைவிட, சிறப்புக் கல்வி, தொடக்கநிலை எழுத்தறிவு, மதிப்பீட்டியல் போன்று தாம் நாள்தோறும் செய்யும் வேலையைத் தொடும் சிறப்புப் பிரிவை எடுப்பதே மேல். நிர்வாகப் பிரிவு பதவி உயர்வுக்கு உதவலாம். வகுப்பறைக்கு அது அதிகம் தருவதில்லை.

பெயர்களிலும் ஒரு பொறி உள்ளது. ஆஸ்திரேலியாவில் மாஸ்டர் ஆஃப் டீச்சிங் என்பது ஆசிரியப் பணிக்குப் புதிதாக வருவோருக்கான பயிற்சிப் பட்டம். ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர் தேடுவது பெரும்பாலும் மாஸ்டர் ஆஃப் எஜுகேஷன்தான். அங்கே கல்வியியலில் இளநிலைப் பட்டம் உள்ளவருக்குப் படிப்புக் காலம் குறைவதும் வழக்கம் என்பதால், முன்தகுதிக்கு எவ்வளவு விலக்கு என்பதைச் சேருமுன்பே கேட்டுவிட வேண்டும்.

ஆய்வுவழி யாருக்குப் பொருந்தும் என்றால், ஏற்கெனவே ஒரு கேள்வி மனத்தில் உறுத்திக்கொண்டிருப்பவருக்கும், பின்னர் முனைவர் பட்டத்துக்குச் செல்ல எண்ணுபவருக்கும். ஆய்வேடு இல்லாத பாடவழிப் பட்டத்தை முனைவர் படிப்புக்குப் பல பல்கலைக்கழகங்கள் போதுமானதாக ஏற்பதில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்க விரும்புபவர், இறுதியில் கணிசமான ஆய்வுத் திட்டம் உள்ள பாடவழிப் படிப்பைத் தேடலாம். அந்தத் திட்டத்தைச் செயலாய்வாகச் செய்தால் சொந்த வகுப்பறையே களமாகும். 1940-களில் சமூக உளவியலாளர் கர்ட் லெவின் முன்வைத்த செயலாய்வு, திட்டமிட்டு, செய்து, கவனித்து, மீண்டும் திட்டமிடுவது. நல்லாசிரியர் இதைப் பெயர் சூட்டாமல் செய்துவந்தவர்தான்.

மாணவர்களைப் பற்றிய தரவைத் திரட்டினால், எந்த வழியானாலும் பெற்றோர் ஒப்புதலும் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதியும் தேவைப்படலாம். அதற்கு ஒரு பருவத்தின் பெரும்பகுதி கழிந்துவிடக்கூடும் என்பதால், செயல்திட்டம் தொடங்குவதற்கு முந்தைய பருவத்திலேயே விண்ணப்பத்தை அளித்துவிடுவது நல்லது.