கன்னியாகுமரி முதல் பூவார் வரை: கேரவன் வண்டியில் ஒரு கடற்கரை நாள்

டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, கழிப்பறை வைத்து கேரவனாக மாற்றிச் சில வருடங்களாக ஓட்டுகிறோம். மலைப் பக்கமும் போயிருக்கிறோம். ஆனால் வண்டியின் நல்லது கெட்டது இரண்டையும் காட்டிக்கொடுப்பது எங்கள் குமரி மாவட்டக் கடற்கரைதான். விடியலில் கன்னியாகுமரி, இருட்டுவதற்குள் கேரள எல்லை தாண்டிப் பூவார். நூறு கிலோமீட்டருக்கு உள்ளேதான். காரில் மத்தியானமே முடிந்துவிடும். கேரவனில் முழு நாள் ஆகும், ஆகட்டும் என்றுதான் போவது.

முதல்நாள் இரவே போய் நிறுத்திவிட்டால், சூரிய உதயத்துக்கு லாட்ஜ் மொட்டை மாடியில் இடம் பிடிக்க வேண்டாம். பல் தேய்த்துக்கொண்டே பார்க்கலாம். வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 2024 கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தைப் பார்க்க விடுமுறை நாளில் படகுக்கு நிற்கும் வரிசை இருக்கிறதே, அதற்கு மட்டும் எந்த வண்டியும் உதவாது.

இந்தத் திசையில் போவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊர் வண்டிக்குக் கதவு இடப்பக்கம். குமரியிலிருந்து மேற்கே போனால் கடலும் இடப்பக்கம். ஓரங்கட்டி நிறுத்திக் கதவைத் திறந்தால் நேரே அலை. வண்டியின் பக்கவாட்டில் மாட்டிய பந்தல் துணியும் அந்தப் பக்கமே விரியும். திரும்பி வரும்போது கடல் ஓரமாக நிறுத்தினால் அதே கதவு ரோட்டைப் பார்த்துத் திறக்கும், லாரிப் புகைதான் உள்ளே வரும். ஆனி, ஆடிக் காற்றில் பந்தலைத் தொடவே கூடாது, கம்பியோடு பிய்த்துக்கொண்டு போய்விடும்.

முட்டத்தில்தான் நாங்கள் அதிக நேரம் இருப்போம். கலங்கரை விளக்கம், கீழே பாறை, செம்மண் மேடு எல்லாம் அழகுதான். அதைவிட, வெயில் ஏறியதும் உள்ளே வந்து படுக்க ஓர் இடம் இருப்பது பெரிய விஷயம். அம்மாவுக்கு முட்டி வலி, கூடவே சர்க்கரை. கடற்கரைக்கு வந்தால் கழிப்பறை தேடுவதே பாதி வேலையாக இருந்தது. அந்தக் கவலை தீர்ந்ததற்கே கொடுத்த காசு தகும். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) வேகவைத்து, வீட்டில் செய்து எடுத்து வந்த சாளைப் புளிமுளத்தை, அதாவது மத்தி மீன் குழம்பை, சூடு பண்ணிச் சாப்பிடுவோம். வண்டிக்குள் மீன் பொரிக்க மட்டும் மாட்டோம், மெத்தை ஒரு வாரத்துக்கு மணக்கும்.

ஏ.சி. பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் இரண்டரை யூனிட். ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். ஆக, இரண்டு மணி நேரம். கூரை சோலார் ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் போதும், ஏ.சி.க்குக் காணாது. கடல் காற்று இருக்கும்போது எதிரெதிர் ஜன்னலைத் திறந்தாலே போதும்.

மண்டைக்காட்டுப் பகவதி அம்மன் கோவிலில் அம்மா கும்பிட இறங்குவார். மாசிக் கொடைத் திருவிழா சமயத்தில் அந்தப் பக்கமே வண்டியைத் திருப்ப வேண்டாம். குளச்சலில் 1741-இல் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையைத் தோற்கடித்த நினைவுத் தூண் இருக்கிறது. பையனுக்கு அதைக் காட்டிவிட்டு, ரோட்டோரம் அக்கானி (பதநீர்) கிடைத்தால் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

அப்புறம்தான் ஓட்டுபவருக்குச் சோதனை. தேங்காய்ப்பட்டணம் பக்கம் தெருக்கள் குறுகல், வீட்டுக்கு வீடு கேபிள் வயர் தாழ்ந்து கிடக்கும். கூரை ஏ.சி.யோடு எங்கள் வண்டி மூன்று மீட்டரைத் தொடுகிறது. ஒரு முறை எதிரே வந்த ஆட்டோக்காரர் நிறுத்தி, “அண்ணே, அங்கன போவாதீங்க, மேல வயரு தட்டும்” என்றார். இறங்கிப் பார்த்தால் ஏ.சி. மூடிக்கும் வயருக்கும் ஒரு சாண்கூட இல்லை. நீரோடி வரை கடலை ஒட்டியே போக ஆசையாக இருக்கும். ஆனால் வள்ளவிளைப் பக்கம் கடலரிப்பு ரோட்டையே தின்றிருக்கிறது. பெரிய வண்டி என்றால் புதுக்கடை, கொல்லங்கோடு, ஊரம்பு வழிதான் நல்லது. எல்லை தாண்டியது கடைப் பலகைகளில் மலையாள எழுத்து கூடும்போதுதான் தெரியும். பேச்சில் ஒரு வித்தியாசமும் இருக்காது. இருக்கைகளை எடுத்துவிட்டு உள்ளே மாற்றம் செய்திருந்தால் ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு ஆர்.சி.யில் அது ஏறியிருக்க வேண்டும். சோதனையில் முதலில் கேட்பது அதைத்தான்.

பூவாரில் நெய்யாறு கடலில் சேரும் பொழி வரை வண்டி போகாது. படகுத்துறைப் பக்கம் போட்டுவிட்டு, விலை பேசிப் படகு ஏற வேண்டும். கோவளம் வரை நீட்டலாம்தான். ஆனால் லைட்ஹவுஸ் பீச்சுக்கு இறங்கும் வழி இந்த நீள வண்டிக்கு ஒத்துவராது, நாங்கள் விட்டுவிட்டோம்.

செலவு என்று பார்த்தால் டீசலைவிட உப்புதான் பெரிது. ஜன்னல் தண்டவாளம், கதவுக் கீல், அடிப்பாகத்து போல்ட் எல்லாம் மெல்ல மெல்லப் பொரிந்து வருகின்றன. உள்வேலை செய்து கொடுத்த பட்டறை சாதாரண இரும்பு ஸ்குரூவுக்கு மேலே பெயின்ட் அடித்துவிட்டிருந்தது. முதல் வருடமே துரு எட்டிப் பார்த்தது. சோலார் பலகையிலும் உப்புப் படலம் படியும், நல்ல தண்ணீர் ஊற்றித் துணியால் துடைத்தால் போகும். திரும்பும் வழியில் மார்த்தாண்டத்தில் வாட்டர் சர்வீஸுக்கு விட்டு அடிப்பாகத்தை முழுக்க அடித்துவிட்டே வீட்டுக்கு வருகிறோம். புதிதாகக் கட்டுபவர்கள் வெளிப்பக்க ஸ்குரூ, கீல் எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்; 304 கூடக் கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும்.