மூன்றாம் மொழிக்கு பிரெஞ்சா, ஜெர்மனா?

மகள் ஆறாம் வகுப்புக்குப் போனபோது பள்ளியில் மூன்றாம் மொழிக்கான படிவம் கொடுத்தார்கள். வீட்டில் நிறையப் பேசி ஜெர்மனை எடுத்தோம். இப்போது அவள் பிளஸ் ஒன். அதே படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் சாய்வு ஜெர்மன் பக்கம்தான்.

வேலை வாய்ப்பை வைத்து முடிவெடுக்க முடியாது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஜெர்மன் லாரி நிறுவனமான டைம்லர் இருந்தால், ஸ்ரீபெரும்புதூரில் பிரெஞ்சுக் கண்ணாடி நிறுவனமான செயின்ட் கோபைன் இருக்கிறது. வகுப்புக்கும் அப்படித்தான்: ஜெர்மன் கற்றுத்தரும் மாக்ஸ்முல்லர் பவன், பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இரண்டுமே நுங்கம்பாக்கத்தில். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கென்றே தனித் தேர்வுகளும் இரண்டு மொழியிலும் உண்டு.

பிரெஞ்சில் தொடக்கம் சுலபம். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு நிறையச் சொற்கள் பார்த்தவுடன் பிடிபடும். கனடாவில் குடியேற விண்ணப்பிப்பவர்களுக்கு பிரெஞ்சுத் தேர்ச்சிக்குத் தனி மதிப்பெண் உண்டு. 2023 முதல் பிரெஞ்சு பேசுபவர்களை மட்டும் அழைக்கும் சுற்றுகளும் நடக்கின்றன. குடும்பத்தின் கண் கனடா மேல் இருந்தால் மறுபேச்சில்லாமல் பிரெஞ்சு எடுங்கள்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம். எங்கள் பள்ளியில் மூன்றாம் மொழி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதில் ஆசிரியர் இல்லை, பீரியட் இல்லை. அப்புறம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, பிளஸ் ஒன் சேர்ந்ததும் நீட், ஜேஇஇ கோச்சிங். பதினொரு வயதில் கற்றது பதினேழு வயது வரை தாக்குப்பிடித்தால்தான் பிற்கால வாழ்க்கைக்கு உதவும். நடுவில் கைவிட்ட மொழி வேகமாக மறந்துபோகும். அதனால் ஆசிரியர் இல்லாமல் பிள்ளை தானாகவே எதைக் கையில் வைத்திருக்க முடியும் என்றுதான் பார்த்தோம்.

இதில் ஜெர்மனுக்கு ஒரு பெரிய வசதி, அநேகமாக எழுதியபடியே படிக்கலாம். விதிகளை ஒருமுறை பழகிக்கொண்டால், புதுச் சொல்லைப் பார்த்தாலும் மகள் சத்தமாக வாசித்துவிடுகிறாள். பிரெஞ்சில் சொல்லின் கடைசி எழுத்துகள் பல நேரம் ஒலிக்காது. எழுத்தில் வேறுபடும் வினைவடிவங்கள் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். பக்கத்தில் திருத்த ஆள் வேண்டும். உறவுக்காரப் பெண் ஒருத்தி நன்றாக எழுதுவாள், ஆனால் பேசச் சொன்னால் தயங்குவாள். ஒரே ஒருத்தியை வைத்து பிரெஞ்சையே எடைபோட முடியாதுதான்.

ஜெர்மன் இலக்கணம் பயமுறுத்தும் என்பார்கள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் மூன்று பாலில் எது என்று மனப்பாடம்தான் செய்ய வேண்டும், அதில் சலுகை இல்லை. ஆனால் வேற்றுமை நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. 'ஐ', 'கு' உருபுகளைத் தமிழ் வகுப்பில் படித்தவளுக்கு, செயப்படுபொருளாக வந்தால் ஆண்பால் பெயருக்கு முன்னால் நிற்கும் சிறுசொல் மாறும் ('டெர்' என்பது 'டென்' ஆகும்) என்பது சட்டென்று புரிந்தது. துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதும் நமக்குப் பழக்கமானதே.

எட்டாம் வகுப்பில் சிறுவர்களுக்கான ஏ1 (தொடக்க நிலை) ஜெர்மன் தேர்வை எழுதினாள். பேச்சுப் பகுதியைக் குழுவாக நடத்துகிறார்கள். மேசையில் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுத்து, அதில் உள்ள சொல்லை வைத்துப் பக்கத்துப் பிள்ளையிடம் கேள்வி கேட்க வேண்டும். அந்தப் பிள்ளை பதில் சொல்ல வேண்டும். மனப்பாடம் அங்கே அதிகம் உதவாது. அதற்குப் பிறகு ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லெ இலவசமாகத் தரும் பாடங்களும், மெதுவாக வாசிக்கும் செய்திகளும்தான் மொழியைக் காப்பாற்றுகின்றன. பிரெஞ்சுக்கும் பிரான்ஸின் ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய செய்தி உண்டு.

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறார்கள். தவிர, ஜெர்மனியில் இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். பிளஸ் டூ முடித்த பிறகு அரிச்சுவடியிலிருந்து தொடங்கினால் அந்த நிலைக்கு வர வருடங்கள் ஆகும். பள்ளியிலேயே அடித்தளம் போட்டவருக்கு அந்தக் கதவு திறந்திருக்கும். மகள் போவாளா என்று இன்னும் முடிவாகவில்லை. அங்கே வகுப்பில் உட்கார இந்த ஜெர்மன் போதுமா என்பதை அனுபவத்தில் சொல்லும் இடத்திலும் நாங்கள் இல்லை.

எதை எடுத்தாலும், கையெழுத்துப் போடும் முன் ஏழு, எட்டாம் வகுப்பு வரை அதே மொழி உறுதியாக இருக்குமா என்று பள்ளியில் கேட்டுவிடுங்கள். கேந்திரிய வித்யாலயாக்களில் 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவிலேயே, மூன்றாம் மொழியாக இருந்த ஜெர்மனை நிறுத்தி சமஸ்கிருதத்துக்கு மாற்றினார்கள்.