ஆனர்ஸ் நுண்கணிதமா, வழக்கமான நுண்கணிதமா?

பல்கலைக்கழக முதலாண்டுப் பாடப் பட்டியலில் இரண்டு நுண்கணிதங்களும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். பார்ப்பவருக்கு ஒன்று சாதா, மற்றது ஸ்பெஷல் என்றுதான் தோன்றும். நானும் அப்படி நினைத்துத்தான் ஆனர்ஸ் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

ஒரு சின்னக் கணக்கு. ஓர் எண் 3-ஐ நெருங்கினால் அதன் வர்க்கம் எதை நெருங்கும்? வழக்கமான வகுப்பில் 9 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். ஆனர்ஸில் 9 என்று சொன்னால் போதாது, நிறுவ வேண்டும். எதிராளி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் எப்சிலான் என்று ஒரு சிறு அளவைக் கொடுத்து, 'வர்க்கம் 9-இலிருந்து விலகும் பிழை இதற்குள் அடங்க வேண்டும்' என்பார். எண் 3-இலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் அது நடக்கும் என்று நாம் சொல்ல வேண்டும்; அந்தத் தூரத்துக்குப் பெயர் டெல்டா. வர்க்கத்திலிருந்து 9-ஐக் கழித்தால் வருவது இரண்டு காரணிகள்: எண்ணிலிருந்து 3-ஐக் கழித்தது, எண்ணோடு 3-ஐக் கூட்டியது. எண்ணை 2-க்கும் 4-க்கும் நடுவில் கட்டிப்போட்டால் இரண்டாவது காரணி 7-ஐத் தாண்டாது. ஆகவே 1, எப்சிலானில் ஏழில் ஒரு பங்கு, இவற்றில் எது சிறியதோ அதுவே டெல்டா. இதை இப்போது மளமளவென்று எழுதிவிட்டேன். அந்த 7 எங்கிருந்து குதித்தது என்று புரிய அன்று எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் போனது.

நியூட்டனும் லைப்னிட்ஸும் இந்த எப்சிலான் இல்லாமலேதான் நுண்கணிதத்தை உருவாக்கினார்கள். அடித்தளம் ஆடுகிறது என்று 1734-இல் பாதிரியார் பெர்க்லி கேலி செய்தார். கோஷி, வைர்ஸ்ட்ராஸ் போன்ற கணிதவியலாளர்கள் அதைச் சரிசெய்ய 19-ஆம் நூற்றாண்டு ஆயிற்று. வழக்கமான வகுப்பு பெரும்பாலும் அந்த முதல் காலத்து நுண்கணிதம்; கருவி வேலை செய்கிறது, எடுத்துப் பயன்படுத்து என்பது அதன் போக்கு. ஆனர்ஸ் பழுதுபார்த்தவர்களின் பக்கம் நிற்கிறது.

இடைமதிப்புத் தேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ச்சியான கோடு அச்சுக்குக் கீழிருந்து மேலே போனால் நடுவில் அச்சைத் தொட்டே தீரும். படம் வரைந்தால் போதாதா? 1817-இல் கணிதவியலாளர் போல்சானோவுக்குப் போதவில்லை. ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 2-ஐக் கழியுங்கள்: 1-இல் விடை குறை எண், 2-இல் மிகை எண். விகிதமுறு எண்கள், அதாவது பின்னமாக எழுதக்கூடிய எண்கள், மட்டுமே உள்ள உலகில் நடுவில் எங்கேயும் பூஜ்யம் வராது. இரண்டின் வர்க்கமூலம் அங்கே இல்லை. அப்படியானால் தேற்றம் சார்ந்து நிற்பது கோட்டின் தொடர்ச்சியை மட்டுமல்ல, மெய்யெண்களுக்கு நடுவில் ஓட்டையே இல்லை என்பதையும்தான். இது புரிந்த நாளில் ஆனர்ஸின் கஷ்டமெல்லாம் எனக்கு மறந்துபோனது.

ஆனால் ஆனர்ஸில் படித்தால் எல்லாம் கூடுதலாகத் தெரியும் என்பது தவறான நம்பிக்கை. பொறியியல் படித்த அறைத்தோழன் ஒரு தொகையீட்டை நீட்டியபோது நான் திணறினேன். அவன் பிரதியிட்டு, பகுதித் தொகையிடலை இரண்டு முறை போட்டு நிமிடத்தில் முடித்தான். அவன் வாரத்துக்கு முப்பது கணக்கு போடுகிறவன், நான் ஐந்தாறு நிறுவல்களோடு மல்லுக்கட்டுகிறவன். கை வேகம் அவனுடையது. இயற்பியலுக்கோ பொறியியலுக்கோ கணக்கு ஓடினால் போதும் என்கிறவர்கள் அவன் பக்கம் போவதே சரி. அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

ஆனர்ஸில் மதிப்பெண் விஷயம் சொல்லவே வேண்டாம்: பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களுக்கும் முதல் தேர்வில் அடி விழும். உதவித்தொகை மதிப்பெண்ணை நம்பி இருந்தால் இதை முதலில் யோசியுங்கள்.

மூன்றாவது வழியும் உண்டு: வழக்கமான வகுப்பை முடித்துவிட்டு, இரண்டாம் மூன்றாம் ஆண்டில் மெய்ப் பகுப்பாய்வு என்ற, நுண்கணிதத்தை நிறுவல்களோடு படிக்கும் பாடத்தை எடுப்பது. அதே எப்சிலான் அங்கேயும் காத்திருக்கும். கணிதமே முதன்மைப் பாடம் என்று இன்னும் முடிவாகாதவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். முடிவாகிவிட்டது என்றால் ஆனர்ஸில் சேருங்கள். பாடம் மாற்றக் கெடு முடிவதற்குள் முதல் இரண்டு வீட்டுப்பாடங்களையும் யாரிடமும் கேட்காமல் போட்டுப் பாருங்கள். ஆனர்ஸிலிருந்து வழக்கமான வகுப்புக்கு இறங்குவது எளிது. பாதிப் பருவத்தில் அங்கிருந்து ஆனர்ஸுக்கு ஏறுவது நடக்காத காரியம்.