ஜப்பானில் மதியப் பசிக்கு: ஓனிகிரியா, கியூதோனா, நின்று சாப்பிடும் சோபாவா?

ஜப்பானுக்குப் புதிதாகக் குடிபோனவர்களுக்கு, வீட்டில் அடுப்பு சரியாக அமையும்வரை மதியச் சாப்பாட்டுக்கு மூன்று வழிகள் சுலபமாகக் கிடைக்கும். ஒன்று கொம்பினி என்கிற சிறு பல்பொருள் கடையின் ஓனிகிரி, அதாவது சோற்று உருண்டை. இன்னொன்று மாட்டிறைச்சியைச் சோற்றின்மேல் பரப்பித் தரும் கியூதோன். மூன்றாவது, ரயில் நிலையங்களில் நின்றபடியே சாப்பிடும் சோபா, அதாவது சாற்றில் போட்டுத் தரும் பக்வீட் மாவு நூடுல்ஸ். மீன் சாப்பிடுபவராக இருந்தால் எங்கள் ஓட்டு சோபாவுக்குத்தான்.

ஓனிகிரியில் பேச்சே தேவையில்லை, எடுத்துக் காசு கொடுத்தால் போதும். உறையில் அச்சிட்டிருக்கும் 1, 2, 3 என்ற எண்களை மட்டும் மதிக்க வேண்டும். முதலில் உச்சியில் நீட்டியிருக்கும் நாடாவை இழுத்து, அடிவழியாகப் பின்பக்கம்வரை முழுச் சுற்றாக உரிக்க வேண்டும். அப்புறம் 2 என்ற மூலை, கடைசியில் 3. நோரி என்கிற கடற்பாசித் தாள் சோற்றில் பட்டு நமத்துப்போகாமல் இருக்க, இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்திருப்பார்கள். மூலையை முதலில் இழுத்தால் நோரி பாதி கிழிந்து உறைக்குள்ளேயே தங்கிவிடும். ஒன்று சுமார் 100 கிராம்தான், வயிறு நிறைய இரண்டாவது வேண்டும்.

கவுன்டரில் ஒரு பொறி உண்டு. பை வேண்டுமா என்று கேட்கும்போது (2020 ஜூலையிலிருந்து பைக்குத் தனிக் காசு) "தைஜோபு" என்று சொன்னால் 'பரவாயில்லை, வேண்டாம்' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றால் "ஒனேகாய்ஷிமாஸ்". கடையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவதாக இருந்தால் பில் போடும் முன்பே சொல்லிவிட வேண்டும். 2019 அக்டோபரிலிருந்து பார்சலுக்கு வரி 8%, அங்கேயே சாப்பிட்டால் 10%. வரிக்கு முன் 500 யென் என்றால் 540, 550 என்று பில் வரும்.

கியூதோன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றில் வயிற்றை நிரப்புவது இதுதான். சாதாரண அளவு 'நாமி', பெரியது 'ஓமோரி', சோறு ஊறும்படி சாறு கூடுதலாக வேண்டுமானால் 'ட்சுயுதாகு'. மேசையிலிருக்கும் சிவப்பு ஊறுகாய் இஞ்சிக்குக் காசு கிடையாது. இனிப்பும் சோயாவும் கலந்த அந்த ஒரே சுவை, தொடர்ந்து மூன்று நாள் சாப்பிட்டால் திகட்டிவிடும்.

சோபா கடையில் வாசலிலேயே சீட்டு இயந்திரம் நிற்கும். பெரும்பாலும் முதலில் காசு, பிறகுதான் பொத்தான். சீட்டைக் கவுன்டரில் வைக்கும்போதே "சோபா" அல்லது "உதோன்" (தடித்த கோதுமை நூடுல்ஸ்) என்று சொல்லிவிடுங்கள். ஒரே சீட்டுக்கு இரண்டில் எதையும் வாங்கலாம் என்பதால், பேசாமல் நின்றால் திருப்பிக் கேட்பார்கள், பின்னால் வரிசையும் நிற்கும். இரண்டு நிமிடத்தில் கிண்ணம் வந்துவிடும். உறிஞ்சும் சத்தம் தப்பில்லை. காற்றோடு சேர்த்து உறிஞ்சினால் கொதிக்கும் நூடுல்ஸ் ஆறும், மணமும் மூக்குக்கு ஏறும். உப்பில் பெரும்பங்கு சாற்றில்தான் இருக்கிறது, மிச்சம் வைத்தால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். முடிந்ததும் கிண்ணத்தை நீங்களே கவுன்டரில் வைத்துவிட்டு "கோச்சிசோசாமா" சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான்.

ஊர் மாறினால் பெயரும் குழப்பும். டோக்கியோவில் 'தனுகி' கேட்டால் பொரித்த மாவுத் துணுக்குகள் தூவி வரும். ஒசாகாவில் அதே பெயருக்குப் பொரித்த தோஃபு வைத்த சோபா வரும். டோக்கியோச் சாறு கருப்பாக இருக்கும், ஒசாகாச் சாறு தெளிவாக இருக்கும். நிறத்தைப் பார்த்து உப்பைக் கணிக்காதீர்கள். மேற்கே ஊற்றும் வெளிர் சோயாவில் உப்பு உண்மையில் கூடுதல்.

சைவக்காரர்களுக்கு மூன்றுமே சிக்கல். காய்கறி வடை மாதிரியான 'ககியாகே' போட்ட சோபாவாக இருந்தாலும் சாற்றின் அடித்தளம் பெரும்பாலும் கட்சுவோ மீன்தான். உமே (ஊறுகாய்ப் பழம்), கொம்பு (கடற்பாசி) ஓனிகிரிகளிலும் மீன் சாறு அடிக்கடி சேர்ந்திருக்கும். பலர் ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்: அந்தப் பட்டியலில் கட்சுவோவுக்கு இடமே இல்லை. உறையின் பின்புறத்தில் மூலப்பொருள்களைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், போன் கேமராவால் மொழிபெயர்த்துப் படியுங்கள். சோபா கிண்ணத்தில் அப்படிப் படிக்க உறை இல்லை. அந்த வகையில் சைவக்காரர்களுக்கு மட்டும் ஓனிகிரி ஒரு படி மேல்.