சிக்கனத்தில் பிறந்த பழைய கார்ட்டூன்கள்: பல ஆண்டுப் பார்வைக்குப் பின்

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பழைய கார்ட்டூன் குறும்படங்களை சிங்கப்பூரின் யீஷூனில் உள்ள எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். 2017 ஜூலையில் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை மூடப்படுவதற்கு முன்பு அங்கே மலிவாக வாங்கிய வட்டுகளில் தொடங்கிய பழக்கம் இது. இவ்வகைப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுப்பது சரியல்ல என்பதே என் கருத்து. 1930களின் சிக்கனம் ஒரு விதம். தொலைக்காட்சிக்காக 1950களின் இறுதியில் வந்த சிக்கனம் முற்றிலும் வேறு விதம்.

முதல் வகைக்கு நியூயார்க்கின் வான் பியூரன் நிறுவனம் நல்ல எடுத்துக்காட்டு. 1931 முதல் 1933 வரை அது வெளியிட்ட 'டாம் அண்ட் ஜெர்ரி' பூனையும் எலியும் அல்ல, நெட்டையும் குட்டையுமான இரண்டு மனிதர்கள். பெயரை நம்பி வாங்குவோர் கவனிக்க வேண்டும். வீட்டில் திரையிடுவதற்காகப் பிற்பாடு விற்றபோது 'டிக் அண்ட் லாரி' என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். இவற்றில் கதை என்று சொல்ல ஒன்றும் தேறாது. ஒரே ஆளின் முகம்கூடக் காட்சிக்குக் காட்சி மாறும். ஆனால் படம் சும்மா நிற்பதே இல்லை. ஜீன் ரோடமிச்சின் இசைக்கு ஆட்கள் மட்டுமல்லாமல் மேசை நாற்காலிகளும் ஆடுகின்றன. முதல் படமான 'வாட் எ நைட்'டின் முடிவில் இருவரும் சட்டையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே வெறும் விலா எலும்புகள்! பேச்சு மிகக் குறைவு என்பதால், ஆங்கிலம் அறியாத என் மாமியாரும் பாலர் பள்ளிக்குச் செல்லும் என் மகனும் ஒரே இடத்தில் சிரிக்கிறார்கள். இந்தப் பலனை நான் எதிர்பார்க்கவில்லை.

அதே வான் பியூரனில் தொழில் பழகிய ஜோசப் பார்பெரா, பின்னர் வில்லியம் ஹன்னாவுடன் சேர்ந்து எம்ஜிஎம் நிறுவனத்தில் பூனை எலிப் படங்களை எடுத்தார். அங்கே கார்ட்டூன் பிரிவு 1957இல் மூடப்பட்டதும் இருவரும் தொலைக்காட்சிக்குப் படமெடுக்கலானார்கள். நொடிக்கு 24 சட்டகம் (திரையில் அடுத்தடுத்து ஓடும் ஒற்றைப் படம்) என்ற கணக்கில் ஏழு நிமிடப் படத்துக்கு 10,080 சட்டகங்கள் தேவை. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு வைத்தால் வேலை பாதியாகும் என்றாலும், தொலைக்காட்சி தந்த பணத்துக்கு அதுவும் கட்டுப்படியாகவில்லை. ஆகவே உடலை அசையாமல் நிறுத்திவிட்டு வாய், கண், கை ஆகியவற்றை மட்டும் புதிதாக வரைந்தார்கள். அவர்கள் உருவாக்கிய யோகி கரடியின் காலரும் டையும் வெறும் அலங்காரமல்ல; தனியாக வரைந்த தலை உடலோடு சேரும் கோட்டை அவைதாம் மறைக்கின்றன. யோகி ஓடும்போது பின்னால் அதே மரமும் அதே பாறையும் எத்தனை முறை வருகின்றன என்று என் மகள் உரக்க எண்ணத் தொடங்கிவிடுவாள்.

இத்தகைய தொலைக்காட்சிப் படங்களை, பக்ஸ் பன்னி கார்ட்டூன்களை இயக்கிய சக் ஜோன்ஸ் 'படம் போட்ட வானொலி' என்று கேலி செய்தார். கேலி நியாயமானதுதான். ஆனால் யோகிக்குக் குரல் கொடுத்த டாஸ் பட்லர் போன்ற ஒருவர் குரல் கொடுக்கும்போது அந்த வானொலியே கேட்கத் தகுந்ததாகிவிடுகிறது. மொழி புரியாதவருக்கோ அதில் ஒன்றுமில்லை. மாமியார் சில நிமிடங்களில் எழுந்து போய்விடுவார். அசைவைக் குறைப்பதே குற்றம் என்றும் நான் சொல்லமாட்டேன். யுபிஏ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் நிறுவனத்தின் 'ஜெரால்டு மெக்போயிங்-போயிங்' (1950) சில கோடுகளையும் தட்டையான வண்ணங்களையும் கொண்டே ஆஸ்கர் விருது பெற்றது.

வட்டுகளின் தரம் தனிக்கதை. காப்புரிமை காலாவதியான படங்களைத் தேய்ந்த 16 மி.மீ. படச்சுருள் பிரதிகளிலிருந்து எடுத்து, வெவ்வேறு அட்டைகளில் திரும்பத் திரும்ப விற்கிறார்கள். தண்டர்பீன் போன்ற சிறு நிறுவனங்கள் சீரமைத்து வெளியிட்ட பதிப்புகளுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். புதிய தொலைக்காட்சிப் பெட்டிகளில் 'மோஷன் ஸ்மூத்திங்' அமைப்பை அணைத்துவிடுவது அவசியம். இல்லையென்றால் ஓவியங்களுக்கு இடையே பெட்டி தானாகவே அசைவுகளைச் செருகி, கோடுகளைக் குழைத்துவிடும்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 1930களின் படங்கள் பலவற்றில் கறுப்பினத்தவரையும் சீனரையும் இழிவாகச் சித்திரிக்கும் காட்சிகள் முன்னறிவிப்பின்றி வரும். நம் பிள்ளைகள் பல இனத்தவரோடு ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். அப்படியிருக்க, ஓடவிட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடக்கூடிய படங்கள் அல்ல இவை. நான் முன்கூட்டியே பார்த்து ஒதுக்கிய வட்டுகளைத் தனி உறையில் வைத்திருக்கிறேன். மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனபின் அவளோடு உட்கார்ந்து பார்த்துப் பேசலாம் என்று இருக்கிறேன்.